எல்டன் ராட்கே விரலைத் தூக்காத குளிர்காலம்

மாநிலத்திலேயே வாழ்க்கைச் செலவு மிகக் குறைவான இடம் எங்கள் கவுண்டி, அதாவது எங்கள் மாவட்டம்தான் என்று ஒரு பத்திரிகை எழுதியது. கானி அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தன் காபிக் கடைச் சுவரில் ஒட்டி வைத்தாள். எழுதியதில் பொய் இல்லை. இங்கே மூன்று படுக்கையறை வீட்டை ஒரு நல்ல பிக்கப் வண்டியின் விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் அந்தப் பிக்கப் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வாரம் இருக்க முடியாது. மளிகைக்கடை மூடிப் பல வருடமாயிற்று. நெடுஞ்சாலையோரம் இருக்கும் மலிவுக்கடையில் பால், ரொட்டி, டின் உணவு கிடைக்கும். அது பதினோரு மைல். டாக்டர் நாற்பது மைல். கண் டாக்டர் தொண்ணூறு மைல். பத்திரிகைக்காரர் வீட்டின் விலையைப் பார்த்தார், தூரத்தைப் பார்க்கவில்லை.

எல்டன் ராட்கேவுக்குத் தூரம் தெரியும். எந்த வீட்டில் பிறந்தாரோ அதே வீட்டில் எழுபத்தொன்பது வயது வரை இருந்தார். மக்காச்சோளம் போட்டார், மாடு வளர்த்தார். அது போதாமல் கவுண்டிக்காகச் சரளைச் சாலைகளைச் சமன் செய்யும் இயந்திரத்தை இருபது வருடம் ஓட்டினார். கவுண்டியின் வடக்குப் பாதியில் எந்தச் சாலை எங்கே சரிகிறது, எந்தப் பாலத்துக்கு முன்னால் குழி விழும் என்பதெல்லாம் அவர் இடுப்புக்கே தெரியும். மனைவி நோர்மா பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவள் இறந்த பிறகு மாடுகளை விற்றார். நிலத்தைப் பக்கத்துப் பண்ணை டுவைட் பென்னருக்குக் குத்தகைக்கு விட்டார். வீட்டில் கீழ்த்தளத்தை மட்டும் சூடேற்றிக்கொண்டு, மாடிக் கதவை அடைத்து, சமையலறைக்குப் பக்கத்து அறையில் படுத்தார். நன்றாகவே இருந்தார். அதிகம் பேசமாட்டார். நகைச்சுவை என்று ஏதாவது சொன்னால், அடுத்த நாள்தான் அது நகைச்சுவை என்று நமக்குப் புரியும்.

நான் கவுண்டி முதியோர் இல்லத்தில் உதவியாளராகப் பயிற்சி பெற்று, அதை இழுத்து மூடும் வரை வேலை செய்தவள். பிறகு ஒரு பராமரிப்பு நிறுவனம் வழியாக வீடு வீடாகப் போனேன். எல்டனின் இடது காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் போய்க் கட்டு மாற்றுவேன், குளிக்க உதவுவேன், மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வைப்பேன்.

எங்கள் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் வணக்கமாக ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. எல்டன் இரண்டு விரல் தூக்கி, தொப்பியையும் கொஞ்சம் அசைப்பார். அந்த வருடம் அறுவடை முடிந்த சமயம் அவர் விரல் தூக்குவதை நிறுத்திவிட்டார். யாராவது ஒரு நாள் மறந்தால் பரவாயில்லை. ஒரு மாதமாக ஒருவருக்கும் தூக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் தேடுவார்கள். காரணம் தயாராக இருந்தது. வீட்டுக்கு வடக்கே காற்றைத் தடுக்க எல்டனின் அப்பா நட்ட மரவரிசையை டுவைட் அந்த இலையுதிர் காலத்தில்தான் இயந்திரம் வைத்துத் தள்ளினான். அந்த இடத்திலும் சோளம் போடலாம் என்று கணக்கு.

கானியின் கடையில் இதைப் பற்றியே பேச்சு. மரம் போன துக்கம் என்றார்கள் சிலர். டுவைட் கேட்காமலே தள்ளிவிட்டான் என்றார்கள் மற்றவர்கள். டுவைட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அவர்கிட்ட கேட்டுத்தான் தள்ளினேன். சரின்னு சொன்னாரு. இப்ப எதிர்ல போனா, நான் என்னவோ வேலிக் கம்பம் மாதிரி நேரா பாத்துக்கிட்டுப் போறாரு" என்றான்.

"வேலிக் கம்பத்துக்காவது ஒரு மரியாதை இருக்கும்" என்றாள் கானி. கடையே சிரித்தது. டுவைட் சிரிக்கவில்லை.

எனக்கு வீட்டுக்குள்ளே வேறு விஷயங்கள் தெரிந்தன. அவர் காபியை ஊற்றும்போது கோப்பையின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஊற்றினார். அடுப்புக் குமிழில் 'அணை' என்ற இடத்தில் ஒட்டுநாடாவைத் திரட்டி ஒட்டியிருந்தார். என்னிடம் பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசினார். நடுப்பார்வை போனவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், ஓரத்தால். இல்லத்தில் நான் அப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

கட்டு மாற்றி முடித்த பிறகு, சுவரில் மாட்டியிருந்த திருமணப் படத்தைக் காட்டி, அதில் நோர்மா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று கேட்டேன்.

"இடது பக்கம்" என்றார்.

"அது மனப்பாடம். என் சட்டை என்ன நிறம்?"

முகத்தைத் திருப்பி ஓரத்தால் பார்த்தார். "நீ எப்பவும் போடுற கேவலமான நிறம்தான், வில்மா."

அதற்கு மேல் மறைக்கவில்லை. நடுவில் புகை மூட்டம் மாதிரி இருக்கிறது, ஓரங்கள் தெரிகின்றன என்றார். வண்டி ஓட்டும்போது சாலையின் இரண்டு பக்கத்துப் புல்லையும் வேலியையும் வைத்துக்கொண்டு நடுவில் போகிறாராம். இரண்டு கையும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும். எதிரே வண்டி வருவது சரளைக்கல் சத்தத்தில் தெரியும், ஆனால் சத்தம் கேட்கிற நேரத்தில் அது கடந்து போயிருக்கும். விரலைத் தூக்க எங்கே நேரம்?

கண் டாக்டர் முந்தைய வருடமே கண்டுபிடித்து, மாதம் ஒரு முறை கண்ணில் ஊசி போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். போட்டால் இருக்கிற பார்வை நிற்கும், விட்டால் போகும். எல்டன் மூன்று முறை போனார். ஊசி போட்ட அன்று ஓட்டக் கூடாது, வேறு யாராவது கூட வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகு போவதை நிறுத்திவிட்டார்.

டுவைட்டைக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். அவன் வேலைய விட்டுட்டு வரணும். மாசாமாசம் வரணும். எப்பிடிக் கேக்கிறது?"

எங்கள் ஊர்க்காரர்களின் குணம் அது. உன் வீட்டுப் பாதையில் பனி கொட்டினால் விடிவதற்குள் யாராவது வந்து தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். நீ ஆஸ்பத்திரியில் இருந்தால் உன் சோளத்தை ஆறு இயந்திரம் சேர்ந்து ஒரே நாளில் அறுத்துக் கொடுக்கும். ஆனால் வாயைத் திறந்து கேட்பது மட்டும் யாருக்கும் வராது. கேட்காமல் தெரிந்துகொள்ளும் விஷயங்களுக்கு உதவி உண்டு. கண்ணுக்குள் நடப்பது வெளியே தெரியாது.

இனிமேல் ஓட்டக் கூடாது என்று சொன்னேன்.

"வண்டிய எடுத்துட்டா வீட்டையும் எடுத்த மாதிரிதான், வில்மா. அது உனக்குத் தெரியும்" என்றார்.

தெரியும். லைசென்ஸ் அலுவலகத்துக்கு நான் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், கூப்பிட்டுப் பரிசோதிப்பார்கள். பத்து நாளில் லைசென்ஸ் போகும், ஒரு மாதத்தில் வீடு போகும். அதனால் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவர் ஓட்டமாட்டார், மளிகையும் மருந்தும் நான் வாங்கி வருவேன், மறுபடி ஊசிக்கு நாள் வாங்கி நானே கூட்டிப் போவேன். வண்டிச் சாவியைக் கொடுத்தார். இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விஷயம் வெளியே போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். வீட்டுக்குள் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலிலும் விதி. டென்வரில் இருக்கும் அவர் மகள் கெயிலுக்கு மட்டும் அவர் சம்மதத்தோடு தொலைபேசியில் சொன்னேன். அவள் அழுதாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாள். பனியில் சாலை மூடியதால் வரவில்லை.

கானியிடம் எல்டனுக்குக் கோபம் எதுவும் இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். பிறகு என்ன என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆகவே அவள் நம்பவில்லை.

டிசம்பரில் நன்றாகப் பனி பெய்தது. வழக்கமாக டுவைட் ஒன்றும் சொல்லாமல் வந்து எல்டன் வீட்டுப் பாதையில் பனியைத் தள்ளிவிட்டுப் போவான். அந்த வருடம் வரவில்லை. முகம் கொடுக்காதவர் வீட்டு வாசலில் போய் எப்படி நிற்பது என்று இருந்திருக்கிறான். மரவரிசையும் இல்லாததால் வடக்குக் காற்று தடையில்லாமல் வீசி, பாதையில் இடுப்பளவுக்குப் பனியைக் குவித்தது. நான் என் காரைச் சாலையில் நிறுத்திவிட்டு, முழங்கால் வரை புதைந்து நடந்து போனேன். எனக்கும் எழுபத்தொரு வயது.

புத்தாண்டுக்குப் பிறகு நிறுவனம் வடக்குப் பாதிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஓட்டும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை, கட்டுப்படியாகவில்லை என்றார்கள். கட்டு மாற்றிக்கொள்ள எல்டனே நகரத்துக்கு வரலாம் என்று தாளில் அச்சடித்து அனுப்பினார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்து என் சொந்தக் கணக்கில் போய் வந்தேன். கண் டாக்டரிடம் பிப்ரவரி கடைசியில்தான் நாள் கிடைத்தது.

ஜனவரி நடுவில் ஒரு பனிப்புயல் வந்து ஞாயிற்றுக்கிழமையை மூடிவிட்டது. தேவாலயமே நடக்கவில்லை. நானும் போகவில்லை. புதன்கிழமை அவருடைய இதய மாத்திரை தீர்ந்தது. மலிவுக்கடைக்குப் பக்கத்தில் தபாலகம், மருந்துப் பொட்டலம் அங்கே வந்து கிடக்கும். எல்டன் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டாவது சாவியை எடுத்தார். பாதையை மண்வெட்டியால் தானே வெட்டித் திறந்தார்; காலில் புண்ணோடு அதற்கு ஒன்றரை நாள் ஆயிற்றாம். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. இயந்திரம் தள்ளிய பனி இரண்டு பக்கமும் சுவர் மாதிரி இருந்ததால் ஓரம் நன்றாகத் தெரிந்தது என்று பின்னால் சொன்னார்.

திரும்பி வரும்போது எதிரே டுவைட் வந்தான். அவன் மனைவி சொல்லிச் சொல்லி, அன்று பேசித் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். தெரிந்த இரண்டு பேர் சாலையில் சந்தித்தால் வண்டிகளை நடுவிலேயே நிறுத்தி, ஜன்னலோடு ஜன்னல் வைத்துப் பேசுவது இங்கே வழக்கம். டுவைட் தன் வண்டியை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கி, முழுக் கையையும் வெளியே நீட்டி ஆட்டினான். எல்டன் மெதுவாக, நேராக வந்துகொண்டே இருந்தார். வேகம் குறையவே இல்லை. டுவைட் ஹாரனை அழுத்தினான். எல்டன் சத்தம் வந்த பக்கத்திலிருந்து விலக ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி டுவைட்டின் முன்பக்கத்தை இடித்து, பனிச்சுவரைப் பிளந்துகொண்டு பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது.

டுவைட் நெற்றியில் ரத்தத்தோடு பள்ளத்தில் இறங்கி, கதவைப் பிடித்து இழுத்துத் திறந்தான்.

"என்மேல அவ்வளவு கோவமா உங்களுக்கு? கொல்ற அளவுக்கா?"

எல்டன் ஸ்டீயரிங்கில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூன்று விலா எலும்பு உடைந்திருந்தது. தலையைத் திருப்பி, டுவைட்டின் தோளுக்கு மேலே பார்த்தார்.

"யாருப்பா அது?" என்று கேட்டார்.

பன்னிரண்டு அடி தூரத்தில் கையை ஆட்டியவன், இப்போது ஒரு கை எட்டும் தூரத்தில் நிற்கிறான். டுவைட் இதை என்னிடம் சொன்னபோது, அந்தக் கேள்விக்குத் தன் பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை என்றான்.

அதற்குப் பிறகு எல்லாரும் வந்தார்கள். யாருக்குக் கஷ்டம் வந்தாலும் இங்கே சமைத்துக் கொண்டுவரும், டின் சூப் ஊற்றிச் சுட்ட கோழி நூடுல்ஸ் அந்த வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்க இடமில்லாமல் வந்து சேர்ந்தது. அதைச் சாப்பிட எல்டன் அங்கே இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார். டுவைட் வெறும் வீட்டின் பாதையில் தினமும் பனியைத் தள்ளினான். கண் டாக்டரிடம் கூட்டிப் போகக் கடையில் ஆண்கள் முறை போட்டுக்கொண்டார்கள். முதல் முறையே டாக்டர் பார்த்துவிட்டு, தழும்பு விழுந்துவிட்டது, இனி ஊசி போட்டுப் பயனில்லை என்று திருப்பி அனுப்பினார். ஷெரிஃபின் போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கிக்கொண்டு போனார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கேட்டாராம்.

கெயில் வந்தாள். எங்கள் கவுண்டியில் இல்லம் மூடிவிட்டதால், கண் டாக்டர் இருக்கும் அதே நகரத்தில் ஓர் இல்லத்தில் சேர்த்தாள். அந்த இல்லத்துக்கு ஒரு மாதம் கொடுப்பது, அவர் வீட்டில் ஒரு வருடம் வாழ ஆன செலவைவிட அதிகம். ஆகவே நிலத்தை வீட்டோடு விற்றாள். டுவைட் வாங்கினான். நியாயமான விலைதான் கொடுத்தான்.

ஜூன் மாதம் எல்டனைப் பார்க்கப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார வைத்திருந்தார்கள், எதற்கென்று தெரியவில்லை. கால் புண் ஆறியிருந்தது. கை நகம் வெட்டாமல் விட்டிருந்தார்கள். நகவெட்டியைக் கேட்டு வாங்கி வெட்டினேன். அவர் என் காதைப் பார்த்தபடி கேட்டார்.

"வீடு எப்பிடி இருக்கு? டுவைட் வந்தா பேச்ச மாத்திடுறான்."

மாற்றத்தான் செய்வான். ஆள் இல்லாத வீட்டைச் சூடேற்றினால் நஷ்டம், சூடேற்றாமல் விட்டால் குழாய் வெடிக்கும். வாங்க யாரும் வரவில்லை. மே மாதம் இயந்திரம் கொண்டுவந்து இடித்து, அடித்தளக் குழியில் தள்ளி மூடிவிட்டான். கேட்பவருக்குப் பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னேன்.

எல்டன் கையைப் பின்னால் இழுக்கவில்லை. மீதி இரண்டு விரலையும் வெட்டி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"அப்ப கூரைக்குக் கட்டுற வரி மிச்சம்" என்றார். கொஞ்சம் கழித்து, "விதைச்சானா அங்க?" என்று கேட்டார்.

"விதைச்சிருக்கான். முழங்கால் உயரம் வந்திருக்கு."

"வடக்குப் பக்கம் மண்ணு கெட்டியா இருக்கும். ஆழமா உழுதிருக்கணும்."

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினேன். இருட்டினால் எதிரே வரும் விளக்குகள் இப்போது எனக்குக் கூசுகின்றன, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. புரையாகத்தான் இருக்கும், வெட்டி எடுத்தால் சரியாகிவிடும். அதே கண் டாக்டரிடம் அடுத்த மாதம் நாள் வாங்கியிருக்கிறேன். அன்று ஓட்டக் கூடாது, கூட ஆள் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். யாரையாவது கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.