காணாமல் போன ஐம்பத்து நான்கு ஜிபி

என்னோடு வேலை பார்க்கும் தெமிரிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நடந்தது. நாரின் என்ற எங்கள் மலையூரில், நான் கணினி பார்த்துக்கொள்ளும் சின்ன வானொலி நிலையத்தில், பிப்ரவரி பத்தாம் தேதி, பகல் வெளிச்சத்தில்.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அறிவிப்பாளர் சைரா அக்கா, ஜனவரி இரண்டாம் தேதி மாலை ஆறு மணிக்கு இரங்கல் செய்திகளை வாசித்துப் பதிவு செய்தார். வீட்டுக்குப் போனார். விடிவதற்குள் இறந்துவிட்டார். அந்தக் கடைசிப் பதிவை நாற்பதாம் நாள் விருந்தில் எல்லோரும் கேட்க வேண்டும் என்று அவர் மகன் உலான் ஆசைப்பட்டான். "இருக்கு தம்பி, வந்து வாங்கிக்க" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் இல்லை. வட்டில் இடம் போதவில்லை என்று, பதிவின் பெயரைக்கூடச் சரியாகப் படிக்காமல் நானே அழித்திருந்தேன்.

அன்று பிப்ரவரி பத்து, மறுநாள் நாற்பதாம் நாள். ஐந்து மணிக்கு உலான் வருவான். மணி 3.50. அவன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது திரையில் எச்சரிக்கை வந்தது. வட்டு நிரம்பிவிட்டது.

எனக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. ஒலிப்பதிவு பார்க்கும் தெமிர் மேல் எப்போதுமே வந்ததில்லை.

"மறுபடியும் மல்யுத்த வீடியோவா இறக்கி வெச்சிருக்க?"

"ஆமா, உன் மாமியார் போட்ட மல்யுத்தம். போய் வேலையப் பாருய்யா."

அவன் கோப்புறையைத் திறந்தேன். நாலு பாட்டு, ஒரு குதிரைப் படம். அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கூட்டினேன். அறுபத்தாறு ஜிபி. ஆனால் நிரம்பியிருப்பது நூற்றிருபது. நடுவில் ஐம்பத்து நான்கு ஜிபி... எந்தக் கோப்புறையிலும் இல்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு, தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு கோப்பை அழிக்கும்போது ஏதாவது நிரல் அதைத் திறந்து பிடித்திருந்தால், அது போகாது. பெயர் மட்டும் போகும். உடல் அங்கேயே கிடக்கும். அப்படிக் கிடப்பவற்றைத் தேடினேன். 4.12-க்கு ஒன்று அகப்பட்டது.

சைரா அக்காவின் கடைசிப் பதிவு.

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பித்தேன்! அப்புறம்தான் உறைத்தது. பதினோரு நிமிடப் பதிவு எப்படி ஐம்பத்து நான்கு ஜிபி ஆகும்?

அதைப் பிடித்திருந்தது இரண்டாம் அறையின் பதிவுக் கருவி. அக்கா போனதிலிருந்து பூட்டிக் கிடக்கும் அறை. சாவி எடுத்துப் போய்த் திறந்தேன். மேசையில் தூசி. மைக் நிறுத்தும் கம்பி மொட்டையாக நின்றது. அக்கா தன் மைக்கை யாரையும் தொட விடமாட்டார், தினமும் தலைத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். ஒயர் மட்டும் தரையில் கிடந்தது.

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினேன். மணி 4.30. அக்காவின் குரல், சுத்தமாக, பதினோரு நிமிடம். கடைசியில், "முடிஞ்சுது தெமிர், நிறுத்துப்பா." நாற்காலி நகர்ந்தது. கதவு சாத்தப்பட்டது. தெமிர் நிறுத்தவில்லை. அந்தச் சோம்பேறியை மனதுக்குள் திட்டிக்கொண்டே பதினோரு நிமிடத்தை மட்டும் வெட்டி உலானுக்காக எடுத்து வைத்தேன்.

மிச்சம் வெற்று அறையின் அமைதியாகத்தான் இருக்கும் என்று தள்ளித் தள்ளிக் கேட்டேன். நாற்பத்திரண்டாவது மணி நேரத்தில் ஒரு சத்தம்.

பொத்... டங்.

பொத்... பொத்... டங்.

எங்கேயோ கேட்ட சத்தம். எங்கே?

மண். மண் விழுகிறது. அப்புறம் இரும்பு தரையில் விழுகிறது. அடக்கத்தின்போது நாங்கள் மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே போடுவோம். அடுத்தவர் குனிந்து எடுப்பார்.

நாற்பத்திரண்டு மணி நேரம். விரல்விட்டு எண்ணினேன். ஜனவரி நான்கு, நண்பகல். அக்காவை அடக்கம் செய்த நேரம்.

பதிவில் அந்தச் சத்தம் மேலேயிருந்து, கேட்பவர் மேலேயே விழுவது போல வந்தது.

தெமிரின் வேலையா? எட்டிப் பார்த்தேன். அவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

கோப்பின் கடைசிக்குப் போனேன். கடைசி என்றால் இப்போது. இந்த நொடி.

4.56. அமைதி.

துணி உரசும் சத்தம்...

"தெமிர்... இன்னும் நிறுத்தலையா?"

பதிவை நிறுத்தினேன். கருவியின் பிடி விட்டதும், ஐம்பத்து நான்கு ஜிபியும் ஒரு நொடியில் அழிந்துபோனது. அதனால் உங்களிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

ஐந்து மணிக்கு உலான் வந்தான். பென் டிரைவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"வாசிச்சதுக்கு அப்புறம் அம்மா வேற ஏதாவது பேசினாங்களாண்ணே?"

"இல்ல தம்பி."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அக்காவோட மைக் வீட்டுலதானே இருக்கு?"

அவன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"முல்லாகிட்ட சொல்லிடாதீங்க. அது இல்லாம அம்மா எங்கயும் போனதில்ல. அடக்கத்துக்குச் சுத்துற கஃபன் துணிக்குள்ள, நெஞ்சு மேல வெச்சுட்டேன்."

கதவு வரை போய்த் திரும்பினான்.

"சுவிட்ச்ச அணைச்சேனான்னுதான் ஞாபகம் இல்லண்ணே."