நாக்கில் தொட்ட மயில்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, இரும்புலியூரில் எங்கள் வீடு. வாஷிங் மெஷினில் போடுமுன் மகனின் சட்டைப் பைகளைத் துழாவினேன். விரல்நகம் அளவு காகிதம், அதில் ஒரு மயில். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுப்பவள்; நூறு வாங்கியவர் விடைத்தாளில் ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். மயிலை நாக்கில் தொட்டு ஒட்டினேன். ஒட்டவில்லை. பசை காய்ந்திருக்கும் என்று இன்னொரு முறை நன்றாகவே நக்கினேன். அப்போதும் ஒட்டவில்லை, குப்பையில் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில், நான் போட்ட சிவப்பு டிக்குகள் தாளைவிட்டு எறும்புகளாக ஊர்ந்தன. மின்விசிறிக்கு வால் முளைத்தது. ரயில் சத்தம் மஞ்சளாக இருந்தது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

கணவர் பதறி ஆட்டோ பிடித்தார். "அக்காவ கெட்டியா புட்ச்சிக்கோ சார், பறந்துடலாம்" என்றார் ஓட்டுநர். உண்மையிலேயே பறக்கப்போகிறோம் என்று அலறினேன்.

ஆஸ்பத்திரியில் பக்கவாதமோ என்று சந்தேகம். ஸ்கேனுக்கும் ஊசிக்கும் ஏற்பாடு நடந்தது. ஓடிவந்த மகன், "மயில் ஒட்டல, மயில் ஒட்டல" என்ற என் புலம்பலைக் கேட்டு வெளுத்துப்போனான். சொன்னால் போலீஸ் வரலாம், ஐடி வேலை போகலாம். சொல்லாவிட்டால் வேண்டாத மருந்து எனக்குள் ஏறும்.

"சார், இது ஸ்ட்ரோக் இல்ல. அம்மா நக்குனது எல்எஸ்டி, போதைக் காகிதம். என்னோடது."

அவன் அப்பா அறைந்தார். அவன் நகரவில்லை. மாலைவரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடங்கிடும்மா, தோ அடங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். உருகி ஓடிய உலகத்தில் அந்தக் கை மட்டும் கையாகவே இருந்தது.

மறுநாள் கேட்டேன், இதெல்லாம் எங்கேடா தெரிஞ்சுக்கிட்ட என்று.

"நீதாம்மா சொன்ன. அந்த சைக்கிள் கதை."

தானியக் கதிரில் வளரும் பூஞ்சையிலிருந்து மருந்து தேடிய ஒரு வேதியியலாளர், தான் உண்டாக்கிய எல்எஸ்டியைத் தானே சுவைத்துவிட்டு, உலகம் நெளிய நெளிய சைக்கிளில் வீடு போன கதை. வருடாவருடம் ஹாலில் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன். உள்ளறையில் இவன் கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறான். வீடு சேர்ந்தபின் அந்த மனிதர், சாகப்போகிறேன் என்று நடுங்கிக் கிடந்ததை நான் சொன்னதே இல்லை. சைக்கிளோடு நிறுத்தினால்தான் வகுப்பு சிரிக்கும்.

விட்டுவிட்டேன் என்கிறான். நம்புகிறேன், சட்டைப் பையையும் துழாவுகிறேன். இப்போது அந்த சைக்கிளை வாசலில் நிறுத்துவதில்லை, வீட்டுக்குள் நடுங்கிக் கிடந்தவரின் கட்டில் வரை பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன். அங்கே போய்ச் சேரும்போதெல்லாம் என் உள்ளங்கை, சாக்பீஸை விட்டுவிட்டு, மகனின் கையைத் தேடுகிறது.