பிரிக்காமல் விட்ட பாதி

தொண்ணூற்றொன்பதில் பெரம்பலூர் – அரியலூர் ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அவர். நரைத்த புருவம், குள்ளமான உடம்புக்குப் பொருந்தாத பெரிய கைகள். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் தொடங்கும் முன்பே முழங்கை வரை இரண்டு முறை கழுவுவார்.

ஓய்வு பெற்ற கையோடு நான் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேடு ஏறத் திணறியது. அதில் மனைவியைக் கொடைக்கானலுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தேன். பாதி மலையில் நின்றுவிடுமோ என்ற பயத்தில், இன்ஜினை முழுக்கப் பிரிக்கச் சொன்னேன்.

அவர் நான்கு சிலிண்டரிலும் மீட்டர் வைத்து அழுத்தம் பார்த்தார். மூன்றாவதில் மட்டும் குறைவு. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். மீட்டர் முள் ஏறவில்லை.

“கீழ பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருந்தா இப்ப ஏறியிருக்கும். இது வால்வு சார். மேல்பாதியை மட்டும் கழட்டுனாப் போதும்.”

“கீழயும் பாத்துடுங்களேன். மனசு கேக்கல.”

“உங்க மனசுக்கு வைத்தியம் பண்ண இன்ஜினையா அறுக்கறது?” என்று சிரித்தார். பிறகு சொன்னார்: “கீழ்ப்பாதி கம்பெனியில பூட்டுனது. இதுவரைக்கும் யாரும் கை வைக்கல. பிரிச்சா, அந்த அளவு சுத்தமாப் பூட்ட என்னால முடியாதுங்க.”

மேல்பாதியை மட்டும் கழற்றி வால்வைச் சரிசெய்து கொடுத்தார். மலைக்குப் போய் வந்தோம். வளைவுகளை எண்ணியபடியே ஓட்டினேன். கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

அதுவரை என் வண்டிகளைத் தொட்ட மெக்கானிக்குகள் பதினொரு பேர். தன்னால் முடியாது என்று ஒருவரும் சொன்னதில்லை. முப்பத்துநான்கு வருட உத்தியோகத்தில் நானும் சொன்னதில்லை. அவர் மட்டும் அதை எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.