நான் முடித்துவைத்த வாக்கியம்

போன வெள்ளிக்கிழமை கந்தோரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கிண்ணியாவிலிருந்து அழைப்பு வந்தது. அன்வரின் மகள். "வாப்பா மௌத்தாகிட்டாரு, காலையில..." என்று தகப்பனின் சாவைச் சொல்லத் தொடங்கினாள். அவளை முடிக்க விடாமல், "எப்பிடி, என்ன நடந்தது?" என்று குறுக்கே விழுந்தேன்.

துறைமுக வீதிக் கந்தோரில் அன்வரோடு வேலை செய்த உங்களுக்கு இது தெரிந்த பழக்கம்தான். அவருக்குத் திக்குவாய். ஒரு சொல்லில் அவர் நின்றால் மிச்சத்தை நாம் சொல்லிக் கொடுப்போம். அதை உதவி என்றே நினைத்தோம். அதில் முந்திரிக்கொட்டை நான். "வாய் என்ட, கதை உங்கட" என்று சிரிப்பார்.

துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகு ஒன்றைப் பற்றி அவர் ஒரு சிறுவர் கதை எழுதினார். பேரப்பிள்ளை கேட்பதற்காக அதைத் தன் குரலிலேயே பதிய ஆசைப்பட்டார். என் வீட்டுப் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு மைக்கை இணைத்தேன். அவர் பேசுவது ஹெட்போனில் அவருக்கே சற்றுப் பிந்திக் கேட்டது. எனக்கு மானம் போனது. அவரோ முதல் பக்கத்தை எங்கும் நிற்காமல் வாசித்தார். எழுதியதைப் பார்த்து வாசிப்பதால் சரளமாக வருகிறது என்று எண்ணி, பிழையான பதிவு என்று அதை அழித்தும் விட்டேன்.

பிறகு அந்தப் பிந்தலோடு மல்லுக்கட்டினேன். இணையத்தில் தேடி, ஒலிக்கு முதலிடம் கொடுக்கும்படி கணினியை மாற்றி, ஒலி காத்துக்கிடக்கும் பஃபரைச் சுருக்கினேன். சுருக்கச் சுருக்கச் சத்தம் சோளம்போல் பொரிந்தது. ஒருவழியாக அதுவும் அடங்கி, பேசிய கணமே காதில் கேட்டது. சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்வரை வரவழைத்துக் கதிரையில் இருத்தினேன். முதல் வரியிலேயே நின்றார். திரும்பத் தொடங்கி, திரும்பவும் நின்றார். என்னைப் பார்த்து, "அந்தப் ப... ப... பழைய..." என்றார்.

"பழைய கரைச்சல் இனி இல்லை, அன்வர். பயப்படாம வாசியுங்கோ" என்று நான் முடித்துவைத்தேன்.

ஹெட்போனைக் கழற்றி வைத்து, "ஏலாது. நீங்களே வாசிச்சிருங்க" என்றார். வாசித்தேன். நீங்கள் எல்லோரும் கேட்டுப் புகழ்ந்தது அதைத்தான். கூச்சமில்லாமல் அந்தப் புகழை வாங்கிக்கொண்டேன்.

ஜனாஸா வீட்டில் மகள் அந்தப் பதிவைப் பற்றிச் சொன்னாள்: "பழைய மாதிரியே வைச்சுத் தாங்க எண்டு கேக்கத்தான் வாப்பா பார்த்தாராம். சத்தம் பிந்திக் கேட்டா நாக்கு இடறல்லையாம்."

"ஏன் என்னட்டத் திரும்பிச் சொல்லேல்ல?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்களாம்."

பிறகு அவள், "முதல் நாள் வாசிச்சது உங்கக்கிட்ட இருக்குமா? புள்ளைக்குப் போட்டுக் காட்டத்தான்" என்று கேட்டாள்.

"அது..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். அவள் குறுக்கே வரவில்லை. அன்வரின் மகள் அல்லவா, நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"இல்லை மகள்" என்றேன்.

அன்வரிடமிருந்து என்னிடம் இருப்பது 'பழைய' என்ற அந்த ஒரு சொல்தான். மிச்சமெல்லாம் என் குரல்.