விழாத அடி

லூர்துமேரி தன் வாழ்நாளில் ஒரே ஒரு ஆளைத்தான் அடித்திருக்கிறாள். அதுவும் ஒரே ஒரு அடி. பெற்ற மகளைக்கூட அதட்டுவதோடு சரி. ஆனாலும் மரக்காணத்தில் அவளைத் தெரிந்த பாதிப்பேருக்கு அவள் "வாட்ச்மேனை அடிச்ச மேரி"தான்.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. உப்பளத்தில் வாரி ஒதுக்கிய உப்பைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவது அவள் வேலை. மதியத்துக்குள் முடிந்துவிடும். வேலை முடிந்ததும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் வீட்டுக்கு நடப்பாள். "யாரையும் கேக்காம போறேன் பாருங்க, அதுதான் எனக்குப் பெரிசு" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு முதலில் புரியவில்லை. அவள் கதையைக் கேட்ட பிறகு புரிந்தது.

தானே புயல் அடித்த வருஷம் உப்பளம் முழுக்கச் சேறு ஏறிவிட்டது. பாத்திகளை மறுபடி கட்டி உப்பு விளைய மாசக்கணக்காகும் என்றார்கள். லூர்துமேரியின் வீட்டுக் கூரையும் போயிருந்தது. கணவன் ஜான்சனுக்கும் வேலை இல்லை. மகள் ஜான்சிக்கு நாலு வயது. அந்த நேரத்தில்தான் ஒரு ஆள் தெருவுக்கு வந்தான். உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் ஓர் இறால் பண்ணை, புருஷன் பொண்டாட்டியாக வந்தால் முன்பணம் தருவார்கள், மூன்று மாதத்தில் வேலை செய்து கழித்துவிடலாம் என்றான். கூரை போடுவதற்காக வாங்கினார்கள்.

மூன்று மாதம் இருபத்தொரு மாதம் ஆயிற்று. போன அன்றைக்கே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு குளம், நடுவில் ஒரு மண் கரை, அதன் முனையில் ஒரே ஓர் இரும்புக் கேட். முதலாளி சென்னையில் இருந்தார்; பண்ணையைப் பார்த்துக்கொண்டது ஒரு மானேஜர். ஆறு குடும்பம் உள்ளே. இறாலுக்குத் தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது, அறுவடை நாளில் கழுத்தளவு தண்ணீரில் நின்று வலை இழுப்பது. கூலி என்று கையில் எதுவும் வராது, வாரத்துக்கு அரிசி மட்டும் வரும். கேட்டால் கடன் இன்னும் தீரவில்லை என்பார்கள். கரையில் ஏறி நின்றால் எதிர்ப்பக்கம் மரக்காணத்து உப்புக் குவியல் வெள்ளையாகத் தெரியும். சொந்த ஊர் கண் முன்னால் கிடந்தது, போக முடியவில்லை.

ஒரு தடவை ஜான்சனின் அம்மா இறந்துபோன செய்தி வந்தது. விட மாட்டோம் என்றார்கள். ஜான்சன் வேலி தாண்டிப் போனான். மண் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே பிடித்துக்கொண்டு வந்து, பம்பு ஷெட் தூணில் கட்டி எல்லோரும் பார்க்க அடித்தார்கள். அதற்கப்புறம் ஜான்சன் பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

உள்ளே இருந்தவர்களில் ரொம்ப நாளாக இருந்தவர் கலியன். பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரர். மகள் கல்யாணத்துக்காக வாங்கிய முன்பணத்துக்கு நாலு வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தார். முன்கோபி. மற்றவர்களோடு சண்டை போடாத நாள் கிடையாது. லூர்துமேரிக்கும் அவருக்கும் தண்ணீர்க் குழாயடியில் வாய்த் தகராறு நடந்து ஒரு மாதம் பேசாமல் இருந்ததுகூட உண்டு.

அந்த ஐப்பசி மாதத்தில் ஜான்சிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பகலில் கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. லூர்துமேரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். ஜான்சன் பின்னாலேயே வந்தான். கேட்டில் வாட்ச்மேன் சகாதேவன் நின்றான். சாவி அவன் இடுப்பில் தொங்கியது.

"வாட்ச்மேன், கேட்டைத் தொறங்க. கொழந்தைக்கு இழுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறோம்."

"முதலாளி சொல்லாம தொறக்க மாட்டேன்மா."

"ஏங்க, பாருங்க இதோட மூஞ்சிய! செத்துடும்ங்க!"

சகாதேவன் பிள்ளையைப் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு பம்பு ஷெட்டுக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தவன் தலையை ஆட்டினான்.

"நாளைக்கு அவரே வர்றாராம். அப்போ பாத்துக்கலாம்."

ஜான்சன் அவன் காலில் விழுந்தான். சகாதேவன் காலை உதறினான். அது உதையாகத்தான் விழுந்தது. ஜான்சனின் வாயில் ரத்தம் வந்தது.

லூர்துமேரி பிள்ளையைப் புருஷன் மடியில் போட்டாள். ஷெட் சுவரில் சாத்தியிருந்த இரும்புக் குழாயை எடுத்தாள். அதை எடுத்தபோது மனசில் என்ன இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க. சாவி மட்டும்தான் தெரிஞ்சுது" என்றாள்.

அடி வலது தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. சகாதேவன் சுருண்டு விழுந்தான். யாரோ சாவியைப் பிடுங்கிக் கேட்டைத் திறந்தார்கள். லூர்துமேரி அதைப் பார்க்கவில்லை. அவள் குழாயை மறுபடி ஓங்கியிருந்தாள். இந்தத் தடவை தலைக்குக் குறி வைத்து.

பின்னாலிருந்து கலியன் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் திமிறினாள். அவர் முன்கையைக் கடித்தாள். அவர் விடவில்லை.

"மேரி, சாவி வந்துடுச்சு. கேட்டு தொறந்துடுச்சு பாரு. இனிமே அடிச்சா அது வேற. கொழந்தைய தூக்கினு ஓடு."

குழாய் கீழே விழுந்தது. அவள் ஓடினாள்.

கரை முழுக்க ஓடி ஈசிஆர் ரோட்டில் நின்று கையை நீட்டினார்கள். கூனிமேட்டுக்காரர் ஒருவரின் மீன் வண்டி நின்றது. ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். ஐஸ் பெட்டியைத் தள்ளி இடம் பண்ணி, "ஏறும்மா, அல்லா இருக்கான்" என்றார். மரக்காணம் ஆஸ்பத்திரியில் மூளைக் காய்ச்சல் என்று சொல்லி, அங்கிருந்து புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்தது. அந்த வண்டிக்காரர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று இன்றைக்கும் லூர்துமேரிக்குக் குறை. கூனிமேட்டைத் தாண்டும் போதெல்லாம் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாளாம்.

கேட் திறந்ததும் மற்ற எல்லோரும் ஓடிவிட்டார்கள். கலியன் ஓடவில்லை. சகாதேவனை நிழலுக்கு இழுத்துப் போட்டு, தன் துண்டைக் கிழித்துக் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். தண்ணீர் கொடுத்தார். மானேஜரின் ஆட்கள் பைக்கில் வந்தபோது அங்கே இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். கலியனை அடித்த அடியில் அவருக்கு இடது காது போனது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி லூர்துமேரியிடம் விசாரித்துவிட்டு யாருக்கோ போன் செய்தாள். மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். பண்ணைக்குப் போய்க் கலியனை மீட்டார்கள். ஓடியவர்களையும் தேடிப் பிடித்து, ஆளுக்கொரு விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்கள். "நீங்கள்லாம் கொத்தடிமையா இருந்திருக்கீங்கம்மா" என்று அதிகாரி சொன்னபோதுதான், தான் இருந்த நிலைமைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே லூர்துமேரிக்குத் தெரிந்தது. அதே வாரம் போலீஸும் வந்தது. வாட்ச்மேனை அடித்த வழக்கு. பத்தொன்பது நாள் ஜெயில்.

ஜெயிலில் பார்க்க வந்த ஜான்சன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதான். "நான் அடிச்சிருக்கணும் மேரி. நீ உள்ள இருக்கிற, நான் வெளிய நிக்கிறேன்."

"நீ அடிச்சிருந்தா ஒண்ணோட நிறுத்தியிருக்க மாட்ட" என்றாள் அவள். "நானே நிறுத்தல. அந்த அண்ணன் நிறுத்துச்சு."

வெளியே வந்த பிறகு திண்டிவனத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அடிமை விலங்கை உடைத்த வீராங்கனை என்று பேசி மாலை போட்டார்கள். கை தட்டினார்கள். ஒரு பையன் மைக்கில், அந்த வாட்ச்மேனைக் கொன்றிருந்தாலும் தப்பில்லை என்றான். அதற்கும் கை தட்டினார்கள். லூர்துமேரிக்கு மாலை கழுத்தை அறுத்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அடித்தது பாவமா என்று ஃபாதரைக் கேட்டாள்.

"உன் மனசு என்ன சொல்லுதும்மா?"

"அடிச்சதுக்கு அழுகை வரல ஃபாதர். வரவெச்சுப் பாத்தேன், வரல. மறுபடி ஓங்குனேன் பாருங்க, அதை நெனைச்சாதான் அழுகை வருது."

ஃபாதர், "அப்போ அதுக்கு மட்டும் ஜெபம் பண்ணு" என்றார்.

கலியனோடு இதைப் பற்றி அவள் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். ஊரில் நிலமும் இல்லாமல் போனதால் அவரும் உப்பளத்துக்கே வேலைக்கு வந்துவிட்டார். சோற்று வேளையில் ஆரம்பிக்கும்.

"அவனும் சம்பளத்துக்கு நின்னவன்தான மேரி."

"சம்பளமாண்ணே பூட்டு போட்டுச்சு? அவன் கைதான போட்டுச்சு?"

"சரி, அவன் கைதான். அதுக்கு ஒரு அடி ஆச்சு இல்ல?"

"அப்போ ஒரு அடி சரின்றியா?"

"சரின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ அடிக்கலன்னு வெய்யி, இந்நேரம் நான் அங்கதான் எறாவுக்குத் தீனி போட்டுனு இருப்பேன். நாலு வருசத்துல எனக்கு அந்தத் தைரியம் வரல. தினம் அந்தக் குழாயைத் தாண்டிதான் போயிட்டு வந்தேன்."

அதற்கு மேல் சண்டை ஓடாது. இரண்டு பேரும் சாப்பிடுவார்கள்.

வழக்கு ஆறு வருஷம் நடந்தது. லூர்துமேரிக்காக சரண்யா என்ற இளம் வக்கீல் பணம் வாங்காமல் வாதாடினாள். ஒருநாள் சகாதேவன் சாட்சிக் கூண்டில் ஏறினான். அவன் வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. சத்தியம் செய்யவே இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தான்.

இந்தப் பெண்தான் அடித்தாளா என்று கேட்டார்கள்.

"ஆமாங்க."

கேட்டை யார் பூட்டியது என்று சரண்யா கேட்டாள்.

"நான்தாங்க. ராத்திரி பகல் எந்நேரமும் பூட்டியே வெக்கணும்னு முதலாளி சொல்லியிருந்தாரு. அன்னைக்கு நான் போன் பண்ணேங்க. கொழந்தைக்கு இழுக்குது, செத்துடும் போல இருக்குது, தொறக்கட்டுமான்னு கேட்டேன். ஒருத்தன் வெளிய போனா எல்லாம் போயிடும், தொறந்தா உன் வேலை இருக்காதுன்னாரு. நான் தொறக்கல."

பிள்ளைக்காக அவன் கேட்டிருந்தான், முதலாளி அவனையும் மிரட்டியிருந்தார் என்பது ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் லூர்துமேரிக்குத் தெரிந்தது. முதலாளி சொன்னதைச் சொல்ல உலகத்தில் இருந்த ஒரே வாய் அந்த வாய்தான். அந்தத் தலையைத்தான் அவள் குறி வைத்து ஓங்கினாள்.

மதியம் கோர்ட் வாசல் டீக்கடையில் சகாதேவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். லூர்துமேரி போய்ப் பக்கத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனாள். வாய் வரவில்லை. வந்தால் பொய்யாக வரும் என்று தோன்றியது.

"கை எப்படிங்க இருக்குது?"

"மழை வந்தா வலிக்கும்." டீயை இடது கையால் குடித்தான். "உனக்காக நான் சொல்லலம்மா. நடந்ததைச் சொன்னேன். அந்தாளு அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட என்னை வந்து பாக்கல. கலியன்தான் கட்டு போட்டு உட்டான்."

"தெரியுங்க."

"பாப்பா?"

"ஏழாவது படிக்குதுங்க."

அவன் தலையை ஆட்டினான். "நல்லா படிக்கச் சொல்லு" என்றுவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனான். அவன் பத்தடி போன பிறகுதான் அவளுக்கு வார்த்தை வந்தது. "ரொம்ப நன்றிங்க!" என்று ரோட்டில் கத்தினாள். அவன் திரும்பவில்லை. காதில் விழுந்ததா என்று தெரியாது.

தற்காப்புக்காக அடித்தது என்று அவளை விடுவித்தார்கள். கொத்தடிமை வழக்கில் முதலாளிக்கு மூன்று வருஷத் தண்டனை. அப்பீல் போட்டுவிட்டு வெளியேதான் இருக்கிறார். பண்ணை மூடிக் கிடக்கிறது. குளமெல்லாம் கோரை முளைத்துவிட்டது.

ஜான்சி இந்த வருஷம் புதுச்சேரியில் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். சேர்வதற்கு முன்னால் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அந்த ஆளு செத்துப் போயிருந்தா இன்னாம்மா ஆயிருக்கும்?" என்று கேட்டாள்.

"நீ அப்பவும் பொழைச்சிருப்ப" என்றாள் லூர்துமேரி. "ஆனா உன்னைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம் வந்திருக்கும். இப்போ உன்னைப் பாத்தா உன்னை மட்டும்தான் பாக்கறேன்."

மகள் சேர்ந்த மறு ஞாயிறு, பூசை முடிந்ததும் நாலு பேருமாகப் பெருமுக்கல் மலைக்குப் போனார்கள். பிள்ளை பிழைத்தால் மலை ஏறுவதாகக் கலியன் அன்றைக்கே வேண்டிக்கொண்டிருந்தாராம். முட்டி வலி, வேலை என்று பன்னிரண்டு வருஷமாகத் தள்ளிப் போட்டிருந்தார். "உன் சாமி வேண்டுதலுக்கு நாங்க எதுக்குண்ணே?" என்று ஜான்சன் கிண்டல் பண்ணினான். ஆனால் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறினவன் அவன்தான். இப்போதெல்லாம் அவன் வாய் ஓயாது பேசுகிறான்.

மேலே கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் குருக்கள். கலியன் "ஜான்சி, ஜான்சன், லூர்துமேரி" என்று சொல்லச் சொல்ல அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நட்சத்திரம் என்ன என்றார். யாருக்கும் தெரியவில்லை.

"கலியன்னு ஒண்ணு சேத்துக்கோங்க சாமி" என்றாள் லூர்துமேரி. கொஞ்சம் தயங்கினாள். "சகாதேவன்னும் ஒண்ணு."

கலியனுக்கு அது கேட்காத காதுப் பக்கம். "இன்னா சொன்ன?" என்றார்.

"ஒண்ணும் இல்லண்ணே. கும்பிடு" என்றாள்.

கீழே இறங்கியதும் மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். ஜான்சி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.