பிரேக் கேட்டதற்கு ஹோன்

தெஹியோவிட்டவில் நானும் மகளும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வளைவில் ஒரு பஸ் ஹோனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. என்னையறியாமல் மகளை இழுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் ஏறிவிட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பா ரப்பர் தோட்டத்து லொறி டிரைவர். இரண்டாம் உலகச் சண்டை முடிந்தபின் பட்டாளம் விற்ற பழைய லொறி அது. ரப்பர் ஷீட்டின் புகைவாடை அப்பாவின் சட்டையை விட்டுப் போகவே போகாது. இறக்கத்தில் பிரேக் பிடிப்பதில்லை என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னார். துரை கொழும்பிலிருந்து, எஞ்சின் காற்றில் ஊதும் பெரிய ஹோன் ஒன்றை வரவழைத்துப் பூட்டச் சொன்னார்.

"பிரேக்கு கேட்டா ஹோனு குடுக்குறாரா?" என்றாள் அம்மா.

"ஆளுங்க வெலகிக்குவாங்களாம், புள்ள," என்றார் அப்பா.

அதன்பின் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா அடுப்பை விட்டு வாசலுக்கு ஓடுவாள். சத்தம் நின்றால்தான் உள்ளே வருவாள். ஒருநாள் அது நிற்கவேயில்லை. மழையில் வழுக்கிய பாதையில் லொறி ஊதிக்கொண்டே இறங்கியது. சனம் சிதறி ஓடியது. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையைத் தாண்டி, மண்மேட்டில் மோதி நின்றது. அப்பா நெற்றியில் இரத்தத்தோடு இறங்கினார்.

"நல்ல ஹோன். யாருக்கும் அடிபடல. நாளைக்கே லொறி எடு," என்றார் பார்க்க வந்த துரை.

அம்மா எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை உருவி, மடியில் வைத்துக்கொண்டு பாதையிலேயே உட்கார்ந்தாள்.

"பிரேக்கு போடுங்க தொரை, தர்றேன்."

லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். புது பிரேக் பூட்டிய பிறகுதான் அவள் அதை அப்பாவிடம் கொடுத்தாள்.

"பஸ் நின்னுருச்சும்மா, வாங்க," என்கிறாள் மகள். நான் இன்னும் பஸ்ஸின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.