பழைய பைத்தான் கேட்டு வாங்கிய நாள்

கடையில் நாலு ஆண்கள் நின்றால் நான் உள்ளே போகமாட்டேன். அவர்கள் போகும்வரை தெருவில் நின்று எதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கூச்சம் போகவில்லை. அதனால் ஒரு தடவை என் மருமகளுக்குக் கிடைக்க இருந்த வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

மகன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் நானும் மருமகளும்தான். நான் பை தைக்கும் பட்டறையிலிருந்து ஜிப்பு வாங்கிவந்து, அதை இழுத்து மூடுகிற ரன்னரைக் கோத்துக் கொடுப்பேன். அவள் மாட்டுங்காவில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஒரு நாள் கம்ப்யூட்டர் வகுப்பு. அங்கே படித்ததை வைத்து, எங்கள் சந்தில் என்னைப்போல வீட்டில் இருந்து வேலை செய்கிற பெண்களுக்காக ஒரு வெப்சைட் செய்திருந்தாள். எந்தப் பட்டறையில் என்ன வேலை இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். முதல் பக்கத்தில் என் கை இருந்தது, ஜிப்பும் ரன்னருமாக. முகம் வேண்டாம் என்று நான் சொன்னதால் கையை மட்டும் படம் எடுத்திருந்தாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் செம்பூரில் ஒரு ஆபீசில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயே லேப்டாப்பில் ஓட்டிக் காட்டவேண்டும். அந்த வாரம் பார்த்து லேப்டாப்பில் டிஸ்க் போயிற்று. நல்லவேளை, செய்ததைப் பென் டிரைவில் வைத்திருந்தாள். ரிப்பேர் கடையில் புது டிஸ்க் மாட்டினார்கள்.

"அத்தே, எனக்கு லீவு இல்ல. நீங்க போயி வாங்கிட்டு வாங்க. இந்தச் சீட்டக் குடுத்து, இதுல உள்ளபடியே போடணும்னு மட்டும் சொல்லுங்க."

சீட்டில் இரண்டே வரி. பைத்தான் 3.9, ஜாங்கோ 3.2. பைத்தான் என்பது கம்ப்யூட்டருக்கு எழுதுகிற பாஷை, ஜாங்கோ என்பது அந்தப் பாஷையில் வெப்சைட் கட்டுவதற்குத் தயாராகக் கிடைக்கிற சட்டகம் என்று எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறாள்.

கடையில் ஐந்தாறு ஆண்கள். தெருவில் எவ்வளவு நேரம் நின்றும் கூட்டம் குறையவில்லை; கூசிக்கொண்டே உள்ளே போய்ச் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "ஆண்ட்டி, யே பைத்தான் தோ பகுத் புரானா ஹை. நயாவாலா டால் தூம்?"

ரொம்பப் பழசு, புதுசைப் போடட்டுமா என்று கேட்கிறார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளபடியே போடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதோடு, எங்கள் வீட்டு ஃபேன், பீரோ, அந்த லேப்டாப் எல்லாமே யாரோ வைத்திருந்து விற்றவை. புதுசு என்று கேட்டதும் மனசு கொஞ்சம் ஆசைப்பட்டது. தலையாட்டிவிட்டேன். 3.9-க்குப் பதில் புதுசான 3.13 போட்டார். ஜாங்கோவை மட்டும் சீட்டில் உள்ளபடி போட்டார். சீட்டை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு இன்டர்வியூ. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தாள்.

"என்னட்டி?"

"ஓட மாட்டேங்கு அத்தே. என்னமோ ஒண்ணு காணோம்னு சொல்லுது. பென் டிரைவுல பாதிதான் ஏறியிருக்கு போல. நாந்தான் அவசரத்துல ஒழுங்கா காப்பி பண்ணல."

பென் டிரைவைப் பிடுங்கினாள், சொருகினாள், பிடுங்கினாள். பத்து மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டாள்.

"நான் போவல. வரலைன்னு போன் பண்ணிச் சொல்லிருதேன். பில்லு போடுதவளுக்கு எதுக்கு இந்த ஆச?"

என் மடியில் எட்டாம் நம்பர் ஜிப்பு. டப்பாவுக்குள் கையை விட்டேன், அஞ்சாம் நம்பர் ரன்னர் ஒன்று வந்தது. பளபளவென்று புத்தம் புதுசு. எட்டாம் நம்பர் பல்லில் அது ஏறவே ஏறாது. பட்டறையில் இப்படிக் கலந்து அனுப்பினால் அவர்களை மனசுக்குள் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன்! பர்சிலிருந்து சீட்டை எடுத்து மூடிய லேப்டாப்மேல் வைத்தேன்.

"நீ ஒண்ணும் தொலைக்கலட்டி. கடக்காரரு புதுசு போடட்டான்னு கேட்டாரு. நான் தலையாட்டிட்டேன்."

சீட்டைப் பார்த்தாள். திறந்து ஒரு வரி தட்டினாள். 3.13 என்று வந்தது. திட்டுவாள் என்று நான் குனிந்துகொண்டேன். அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

"அப்போ நான் எழுதுனது எதுவும் அழியலயா அத்தே? முழுசா இருக்கா?"

"புதுசு நல்லதில்லயாட்டி?"

"நல்லதுதான். ஆனா இந்த ஜாங்கோ வந்தப்போ அந்தப் பைத்தான் பொறக்கவே இல்ல. இதுக்கு 3.6-லருந்து 3.10 வரைக்குந்தான் சேரும். எதுக்கு எது சேரும்னு பட்டியலே போட்டிருக்காக."

"ஜாங்கோவையும் புதுசாக்கிட்டா?"

"ஆக்கலாம். அப்புறம் நான் எழுதுனதுல எதெது ஒடையுதுன்னு ஒவ்வொண்ணா பாக்கணும். மூணு மணிக்குள்ள ஆவாது."

"எட்டாம் நம்பருக்கு அஞ்சாம் நம்பர் ரன்னரு வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றேன்.

"அதுவும் நல்லா பளபளன்னு பாத்து வாங்கியிருக்கீக!"

பழைய பைத்தானை நெட்டிலிருந்துதான் இறக்கவேண்டும். எங்கள் சந்தில் போன் நெட்டு நகராது. அந்த ரிப்பேர் கடையில் ஒயர் நெட்டு உண்டு. அவள் செருப்பை மாட்டினாள். சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்கவேண்டும், சேலைக்கு இஸ்திரி போடவேண்டும். எல்லாம் பாக்கி.

"நீ அதப் பாரு. நான் போறேன்" என்று லேப்டாப்பை வாங்கிக்கொண்டேன்.

கடையில் அன்றைக்கு எட்டுப் பேர். தெருவில் நின்றுகொண்டிருக்க நேரமில்லை. இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "பையா, புரானாவாலா ஹீ சாஹியே. 3.9." பழசுதான் வேண்டும் என்று.

"கல் தோ ஆப்னே ஹான் போலா, ஆண்ட்டி!" நேற்றுச் சரி என்றீர்களே என்கிறார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"கல் கலத். ஆஜ் ஸஹி" என்றேன். நேற்றுத் தப்பு, இன்றைக்குச் சரி. அதற்குமேல் எனக்கு ஹிந்தி வரவில்லை. சீட்டை மேஜையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் 3.9 போட்டு, அதன்மேல் ஜாங்கோவை மறுபடி போட்டு முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. ஓட்டிக் காட்டவும் சொன்னேன்.

பக்கம் திறந்தது. ஜிப்பும் ரன்னருமாக ஒரு கை.

பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து, இது யார் கை என்று ஹிந்தியில் கேட்டார். நான் சீட்டின் மேலிருந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவள் இப்போது அந்தச் செம்பூர் ஆபீசில்தான் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒருநாள் லேப்டாப்போடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தே, பைத்தான், ஜாங்கோ ரெண்டையும் புதுசாக்கப் போறேன். ஒடையுதத எல்லாம் ஒவ்வொண்ணா சரி பண்ணிட்டேன். போடட்டா?"

எனக்குச் சட்டென்று தலையாட்ட வந்தது. அடக்கிக்கொண்டு, எதற்கு எது சேரும் என்கிற அந்தப் பட்டியலை முதலில் காட்டச் சொன்னேன்.